ஒன்றரை மாத்திரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சௌக்கியம்தானே. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். வழக்கமாக இப்படி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே முட்டிவலியை ஆரம்பிப்பேன், இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம், நெற்றியில் போட்ட மூன்று தையலும் பிரித்தாகிவிட்டது, தழும்பு புருவத்துக்குள் மறைந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் போதும், அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் மூன்று வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறார். அதனால் சலவைக்கடையில் மத்தியானம் சாப்பிட்ட கையோடு, பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது இஸ்திரி மேஜையின் குற்றம், என் குற்றம் இல்லை. இதை நீ மட்டும் படி. மாப்பிள்ளையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். போன வாரம் அப்பா உன்னிடம் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று சொன்னார். நீ அழுதாய், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேலையை விட்டுடும்மா, அடுத்த மாசம் நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன் என்றாய். நான் பதில் பேசவில்லை, அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு மறதி இல்லை, கண்ணு. நீ ஐந்தாம் வகுப்பில் தொலைத்த குடையில் எத்தனை கம்பி வளைந்திருந்தது என்று கேள், சொல்கிறேன். நான் மயங்கி விழுந்தது மறதியால் இல்லை. உன் அப்பா கணக்குப் போட்டதால். முழுக்கச் சொல்கிறேன், ஆனால் படித்து முடித்த உடனே போனை எடுத்து அவர்மேல் பாய மாட்டேன் என்று எனக்கு மனதுக்குள் சத்தியம் செய்துகொடு.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு ஒரு வருஷம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போட்ட மனுஷன், கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் 'கிராம் சார்' என்று கூப்பிடுவார்கள், அவருக்கும் அது உள்ளுக்குள் பெருமைதான். அப்படிப்பட்டவருக்கு வீட்டில் சோதிக்க நான் ஒருத்திதான் மிச்சம். அந்தச் சமயத்தில்தான் பெரிய சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நானூறு மருந்துகளின் பட்டியல், கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்து, எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று போட்டிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானூறையும் படித்தார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் படித்து நான் பார்த்ததில்லை. நாம் இத்தனை வருஷமாக வாங்கும் என் பிரஷர் மாத்திரை அதில் மூன்றில் ஒரு பங்கு விலை. தெருமுனை மருந்துக்கடையில் தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே நம் கண்ணாடிக்காரர், நமக்கு எப்போதும் மருந்து தருகிறவர், அவர் இத்தனை நாளாக நம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் என்று அப்பா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் எங்கே அரைத்தார், பாவம், கம்பெனி போட்ட விலைக்குத்தான் விற்றார். டாக்டர் எழுதின சீட்டில் கம்பெனிப் பெயர் இருந்தது, அதை நாமும் கேட்டு வாங்கினோம்.

அதிலிருந்து வீட்டில் ஒரே ஆராய்ச்சி. பிரஷர் மாத்திரை சூப்பர்மார்க்கெட் பட்டியலில் இருக்கிறது, கொழுப்பு மாத்திரை இல்லை. அது ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மூன்று மாடி மருந்துக்கடையில் மலிவு, ஆனால் அங்கே வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி உறுப்பினர் கார்டு வாங்க வேண்டும். கார்டு வாங்கினால் இன்ஷூரன்ஸ் செல்லாது, இன்ஷூரன்ஸ் காட்டினால் கார்டு செல்லாது. அப்பா கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக்கு இரண்டு இடத்திலும் ஒரு சலுகையும் இல்லை, கடைசியில் பார்த்தால் எந்தக் கார்டும் இல்லாமல் கண்ணாடிக்காரரிடம்தான் அது குறைந்த விலை. அதை ஒப்புக்கொள்ள அப்பாவுக்கு நான்கு நாள் ஆனது. ஒப்புக்கொண்ட பிறகும் அங்கே போகக் கூச்சம், என்னை அனுப்பினார். தெருமுனையைத் தாண்டும்போது வெயில் இல்லாத நாளில்கூடக் குடையை விரித்து அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவார். கடன்காரனுக்குப் பயந்தவன்கூட அப்படி ஒளிந்து நடக்க மாட்டான். கண்ணாடிக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல, தலை சுத்தல் கித்தல் ஏதும் இருக்காம்மா என்று மட்டும் கேட்டார். இருபது வருஷமாக அவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு அவர் தனியாகக் காசு வாங்கியதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சூப்பர்மார்க்கெட்டில் மருந்து கவுன்டர் கடைசிக் கோடியில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவன் நம் அப்பாவை நேரில் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பான். உள்ளே போய்த் திரும்புவதற்குள் வாளி, துடைப்பம், பல்பு, துண்டு என்று எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். மருந்தில் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் முதல் நாள் இரண்டு டார்ச் விளக்கும் ஒரு கால்மிதியும் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் இன்னொரு கால்மிதி. இப்போது நம் குளியலறைக்குள் போகும்போது மூன்று கால்மிதி, வெளியே வரும்போது இரண்டு. மருந்தில் எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்டேன். கால்மிதியை ஏன் இதோட சேர்க்கிற, அது வேற தலைப்பு என்றார். கோபம் வரவில்லை எனக்கு, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் ஜன்னலைப் பார்த்த மனுஷன் காலையில் சவரம் செய்துகொண்டு, சட்டையை உள்ளே விட்டு, பேனாவைச் சொருகிக்கொண்டு கிளம்புகிறாரே, அந்தப் பேனாவுக்காகவே இன்னும் நாலு கால்மிதி வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் எல்லாம் சுபம். அப்பாவிடம் ஒரு சின்னத் தராசு உண்டு, நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பழைய மாத்திரை பத்தையும் புது மாத்திரை பத்தையும் அதில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். புதியது எடை குறைவு, மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். விலை குறைவுன்னு சொல்லிட்டு எடையில கைய வெச்சிட்டான் பாரு, இந்த வித்தையை நான் எத்தனை கடையில பிடிச்சிருக்கேன் என்றார். மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்தக் கவுன்டர் பெண்ணிடம் சண்டை. அவள் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறாள், ஐயா, மருந்து ரெண்டுலயும் ஒரே அளவுதான், மாத்திரைக்கு உருவம் வரணும்னு சேர்க்கிற மாவுதான் கம்பெனிக்குக் கம்பெனி வேற, அதனால எடை மாறும், அட்டையில எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கு பாருங்க என்று. பின்னால் பத்து பேர் வரிசையில். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது என்ன தெரியுமா. முப்பத்தொரு வருஷமா மாட்டிக்கிட்ட ஒவ்வொரு கடைக்காரனும் இதையேதான் சொன்னான், சார் சரக்கு சரியா இருக்கு சார், பொட்டலம் கட்டின தாளுதான் எடை கம்மின்னு. மாவு கலக்கிறேன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் மருந்தைத் திருப்பி வாங்க மாட்டார்களாம். தூக்கிப் போடலாம் என்றால் மூன்று மாத மருந்து, அவருக்குக் கை வருமா. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் தீர்வு கண்டுபிடித்தார். எடை குறைந்தால் என்ன, குறைந்ததைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போச்சு. சவர பிளேடால் ஒரு மாத்திரையைச் சரிபாதியாக வெட்டி, ஒன்றும் அரையுமாகத் தராசில் வைத்து, பழைய மாத்திரையோடு முள்ளு நேராக நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, என் உள்ளங்கையில் கொட்டினார். நான் விழுங்கினேன். நீ கேட்பாய், உனக்கு எங்கேம்மா போச்சு புத்தி என்று. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்னதில் பாதியை நான் காதிலேயே வாங்கியதில்லை, இதை மட்டும் ஏன் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. எடை விஷயத்தில் அவர் தப்பு செய்ததை நான் பார்த்ததே இல்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் கவுன்டர் பெண்ணைவிட அவர் முகத்தில் நம்பிக்கை அதிகமாக இருந்தது. பதினொரு நாள் ஒன்றரை மாத்திரை. ஐந்தாம் நாளிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது, கடையில் நீராவி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் காலை, ஒருத்தருக்குத் திரைச்சீலை எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கீழ இறங்கியிருக்கே, மாத்திரை எப்படிம்மா போட்டுக்கிறீங்க என்று கேட்டாள். கட்டில் ஓரத்தில் அப்பா நின்றிருந்தார். வாயைத் திறந்தார். எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி நின்றார். நான்தான் முந்திக்கொண்டு, மறந்துபோய் ரெண்டு வேளை போட்டுட்டேன் போலிருக்கு டாக்டர் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு கிராம் பொய்க்கு ஒரு கடையையே பூட்டின மனுஷன், நான் சொன்ன பொய் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். அரை மாத்திரை கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை கண்ணு, அது அன்புதான், தப்பான அன்பு. வாயை மூடிக்கொண்டாரே, அதுதான் வலித்தது. இருந்தாலும் அன்று சாயங்காலமோ மறுநாளோ அவராகவே சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சொல்லவில்லை. என் பைலில் மறதி என்று எழுதிவிட்டார்கள். இனிமேல் மாத்திரையை நீங்கதான் ஐயா கையில எடுத்துக் கொடுக்கணும், அவங்ககிட்ட விடாதீங்க என்று டாக்டரம்மா அப்பாவிடமே பொறுப்பைக் கொடுத்தாள். யாரிடம் கொடுக்கக் கூடாதோ அவரிடமே. அவரும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். எனக்குத் தையல் போட்ட இடம் இழுக்க இழுக்கச் சிரிப்பு வந்தது, அதைப் பார்த்து நர்ஸ் ஏதோ குறித்துக்கொண்டாள். கடைக்கு வந்தால் முதலாளியம்மா என்னைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே துணி மடிக்க உட்கார வைத்துவிட்டாள். சீட்டே இல்லாமல் யார் சட்டை யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது புதிதாக வந்த பெண் யாருடைய கால்சட்டையையோ யாருக்கோ கொடுத்துவிட்டு முழிக்கிறாள், நான் உள்ளேயிருந்து கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மலிவு மருந்து நல்ல மருந்துதாம்மா, ஆனா நாலு கடையில நாலு சீட்டு கொடுத்தா உங்க உடம்புல மொத்தமா என்ன போகுதுன்னு யாருக்குமே தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அப்பா இப்போது கணக்கே போடுவதில்லை. பழைய கம்பெனி மாத்திரையை முழு விலைக்கு வாங்குகிறார், மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறார். குற்ற உணர்ச்சி என்று முதலில் நினைத்தேன். ஆனால் வேறு ஒன்று நடக்கிறது. காலையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போட்டியா, நிஜமா முழுங்கிட்டியா என்று கேட்கிறார். அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்க்கிறார். சமையலறை இழுப்பறைகளில் கரண்டி, கத்தி, தீப்பெட்டி என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். இதெல்லாம் யாருக்கு என்றேன். உனக்குத்தான், சிரமப்படக் கூடாதில்ல என்றார், அவ்வளவு கனிவாக. உனக்குப் போன் செய்து அம்மாவுக்கு மறதி என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டிருப்பாய், அது நடிப்பு இல்லை.

முந்தாநாள் ஞாபகசக்திப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு டாக்டர், சின்ன வயசு. சாவி, படகு, எலுமிச்சை, இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்கம்மா என்றார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், பில் போட்டுப் பழகிய எனக்கா கஷ்டம், கடகடவென்று சொல்லிவிட்டேன். கடைசியில் அந்த மூணு வார்த்தை என்ன என்று கேட்டதும் அப்பா என் காதோரம் குனிந்து, சாவி, படகு, ஆரஞ்சு என்று ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். ஐயா, டெஸ்ட் அம்மாவுக்கு என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எலுமிச்சை என்று திருத்திச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் முழு மார்க். டாக்டர் குழம்பிப்போய், பின்ன எப்படிம்மா அவ்வளவு மருந்து உள்ளே போச்சு என்றார். இப்போதாவது அப்பாவே சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, சில நாள் இப்படி நல்லாத்தான் இருப்பா டாக்டர், சில நாள்தான் என்றார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நேரடியாகக் கேட்டுவிட்டேன். இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம், அந்த அரை மாத்திரையை வெட்டிக் கொடுத்தது யாரு, எனக்கு மட்டுமாவது சொல்லுங்க என்றேன். எந்த அரை மாத்திரை என்றார். நான் சொன்னேன், தராசு, பிளேடு, பதினொரு நாள், எல்லாம். அவர் கோபப்படவில்லை, தடுமாறவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்து, பதறாத, மெதுவா யோசிச்சுப் பாரு, தானா ஞாபகம் வரும் என்றார். அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன், வெகுநேரம் பார்த்தேன். பொய் சொல்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை குட்டிம்மா.

அதனால் டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் செய்யாதே, வா. என்னைக் கூட்டிப்போக இல்லை. வந்து முதல் நாளே ஒன்றும் கேட்காதே, சாப்பிடு, தூங்கு, சின்னவளை அவர் மடியில் விடு. பிறகு நான் கடைக்குப் போயிருக்கும்போது தனியாக அவரோடு உட்கார்ந்து அந்த அரை மாத்திரையைப் பற்றிக் கேள். சின்ன வயசிலிருந்து உன்னிடம் மட்டும் அவருக்குப் பொய் வராது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீயும் பட்டியல் மருந்து வாங்குவதாகச் சொன்னாயே, தாராளமாக வாங்கு, மருந்தின்மேல் குற்றமில்லை, ஆனால் எல்லாச் சீட்டையும் ஒரே கடையில் காட்டு, அந்தக் கடைக்காரர் ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு வாழ்ந்ததில், அவர் பொய்க்காரர் இல்லை என்பது ஒன்றுதான் ஊரில் நான் சொல்லிக்கொள்ளும் பெருமை. இப்போது தினமும், அவர் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீ வந்து, ஆமாம்மா, அப்பா வேண்டுமென்றே பொய்தான் சொன்னார் என்று என்னிடம் சொல்ல வேண்டும்.

என்றும் உன்,
அம்மா